யாரும் தொடாத குடுவை

மூணே கால். நாலு மணிக்கு வடிகட்ட வேண்டும், அதுவரைக்கும் ஒரு வேலையும் கிடையாது, அதுதான் கஷ்டமே. குலுக்கும் மேடைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரெஜினாள் ஏழு குடுவைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் காவல் நிற்கிற மாதிரி. காலை பத்து மணியிலிருந்து இதே காவல்தான். மேடை நிமிஷத்துக்கு நூற்றிருபது சுற்றுச் சுற்றுகிறது, குடுவைக்குள் இருக்கிற கூழ் ஒரு பக்கமாக ஏறி ஏறி இறங்குகிறது, கர்ர் கர்ர் என்று ஒரே சத்தம். பத்தொன்பது வருஷச் சத்தம். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் காதுக்குள் ஓடும். ஒருதரம் மோட்டார் பழுதாகி மேடை நின்றபோது, அடி ஆத்தி, இந்த ரூமுக்கு இவ்வளவு அமைதி உண்டா என்று பயந்தே போனாள். குடுவைக்குள் இருப்பது கொண்டைக்கடலை. சுண்டல் அவிக்கிறோமே, அதே கடலைதான். ஆனால் வேர் கிடையாது, இலை கிடையாது, செடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நாற்றின் தண்டில் ஒரு துணுக்கை நறுக்கி, சர்க்கரையும் உப்பும் இன்னும் நாலைந்து சத்தும் கலந்த தண்ணீரில் போட்டு வளர்த்த வெறும் செல்கள். ஏழு நாளைக்கு ஒரு முறை, வியாழக்கிழமை வியாழக்கிழமை, புதுத் தண்ணீருக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சர்க்கரை தீர்ந்து, தன் கழிவிலேயே தான் கிடந்து செத்துப்போகும். இந்த ஏழும் இன்றைய சோதனைக்குப் பிரித்தெடுத்தவை, வாராவாரம் மாற்றுகிற தாய்க் குடுவைகள் உள் ரூமில் வேறொரு மேடையில் சுற்றுகின்றன. பத்தொன்பது வருஷத்து வியாழக்கிழமைகளில் ரெஜினாள் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறாள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வந்திருக்கிறாள். அம்மாவைத் தூத்துக்குடியில் அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை பஸ் ஏறி வியாழக்கிழமை காலை கோயம்புத்தூரில் இந்த ரூமில் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. அது வேறு விஷயம்.

கோட்டுப் பைக்குள் போன் கிடக்கிறது. அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் பிலோமியின் செய்தியை மறுபடி படிக்க வேண்டியிருக்கும், படித்தால் பதில் போட வேண்டியிருக்கும். படிக்காமலேயே அது மனப்பாடம்தான். "அக்கா, வர்ற வியாழக்கிழமை எனக்கு ஆபரேசன். கர்ப்பப்பைய எடுக்கணும்னு சொல்லிட்டாவ. அவுக கப்பல்ல இருக்காவ, வர முடியாது. கூட நிக்க ஒரு ஆள் வேணுங்காவ. நீ வருவியா." கடைசியில் கேள்விக்குறி கூடப் போடவில்லை பாரு. கேள்வியாகக் கேட்டால் இல்லை என்று வந்துவிடும் என்ற பயமா, இல்லை, எப்படியும் வரப்போவதில்லை, குறி எதற்கு என்று விட்டுவிட்டாளா. தங்கச்சிக்கு எப்போதுமே குறியெல்லாம் போட வராது, பள்ளிக்கூடத்திலேயே வராது, அதைப் போய் இவ்வளவு ஆராய்வானேன். வியாழக்கிழமை. வாரத்தில் ஏழு நாள் இருக்க ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வியாழக்கிழமைதான் கிடைத்ததா? முதலில் படித்தபோது ரெஜினாளுக்கு வந்தது கவலை இல்லை, உண்மையைச் சொன்னால் நிம்மதி. வியாழக்கிழமை என்றால் முடியாது, செல்லை மாற்றணும், அவ்வளவுதான், பேச்சே கிடையாது. அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. இன்றைக்கு நாலு மணிக்கு மேல் இந்தச் செல்களே இருக்குமோ இருக்காதோ. இருந்தால் போக வேண்டாம். இல்லாவிட்டால் சொல்வதற்கு ஒரு சாக்கும் இல்லை. சேசுவே, கூடப் பிறந்தவள் வயிற்றை அறுக்கப் போகிறார்கள், இவள் சாக்குத் தேடுகிறாள். என்ன ஜென்மமோ.

விஷயம் இதுதான். இந்தச் செல்களை வைத்துக்கொண்டிருப்பது அழகுக்கு இல்லை. செடியைப் பூஞ்சை தாக்கினால் செடி ஓடமுடியாது, ஒளியமுடியாது, நின்ற இடத்தில் நின்றுதான் சண்டை போட வேண்டும். பூஞ்சையின் வாடை பட்ட உடனே செல்லுக்குள் தூங்கிக்கொண்டிருந்த சில ஜீன்கள் விழித்துக்கொள்ளும், சில நொதிகளை அவசர அவசரமாகச் செய்யும், அந்த நொதிகள் பூஞ்சைக்கு விஷம் காய்ச்சும், செல்லின் சுவரைக் கெட்டிப்படுத்தும். இதைக் குடுவையில் பார்க்க உயிருள்ள பூஞ்சைகூட வேண்டாம். பூஞ்சையை வளர்த்து, கொன்று, அரைத்து, கொதிக்க வைத்து இறுத்த சாறு போதும். செத்துச் சாறான பிறகும் செல்லுக்கு அது எதிரிதான். இந்தச் செல்களை முதன்முதல் வளர்த்த கேசவன் சார், ஓய்வு பெற்று மகனோடு கனடா போய்விட்டார், அவர் சொல்வார்: "பாருங்கம்மா, அடிக்கிறவன் செத்து மூணு மாசம் ஆச்சு. அடி வாங்கினது இன்னும் கையை ஓங்கிட்டு நிக்குது." அந்தக் காலத்தில் சாறு ஊற்றிய ஆறு மணி நேரத்தில் நொதி பன்னிரண்டு பதினாலு மடங்கு ஏறும். ஏறியதைப் பார்த்து இரண்டு பேரும் டீ வாங்கிக் குடிப்பார்கள். அப்புறம் வருஷத்துக்கு வருஷம் மடங்கு குறைந்துகொண்டே வந்து, இப்போது ஆறு மாதமாக ஏறவே இல்லை. இரண்டு தடவை பார்த்தாயிற்று. சாறு ஊற்றியதும் வெறும் தண்ணீர் ஊற்றியதும் ஒரே அளவு, மடங்கு ஒன்று. கோடு படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. போன வாரம் டாக்டர் சௌந்தரநாயகி, இப்போதைய தலைவர், ரெஜினாளைவிடப் பத்து வயது சின்னவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். "மேடம், வயசாயிருச்சுங்க அதுக்கு. ரொம்ப நாள் குடுவையில கெடந்தா எதுக்கும் பதில் சொல்லாம போயிரும், உங்களுக்கே தெரியும். இன்னொரு தடவை பாருங்க. இல்லீன்னா எல்லாத்தையும் அவிச்சு ஊத்திரலாம். அந்த ரூமும் வேற வேலைக்கு வேணும்." எல்லாத்தையும் அவிச்சு ஊத்திரலாம். மிச்சமான சாம்பாரைச் சொல்கிற மாதிரி.

மூணரை. போட்டேனா? இதுதான் இப்போது முளைத்திருக்கிற புதுப் பேய். பத்து மணிக்கு ஒன்று இரண்டு மூன்று குடுவைகளில் பூஞ்சைச் சாறு, நாலு ஐந்து ஆறில் வெறும் தண்ணீர். ஏழாவதை யாரும் தொடக் கூடாது, அது சும்மா கிடக்க வேண்டும், ஏதாவது உடைந்தால் கொட்டினால் உபரிக்கு. இரண்டு ஊற்றினாள், மூன்றாவதுக்குக் கை போகிறபோது பைக்குள் போன் அதிர்ந்தது. பிலோமி. எடுத்துப் படித்துவிட்டு உள்ளே போட்டாள், படித்திருக்கக் கூடாது, படித்தாள். அதற்கப்புறம் மூன்றாவதில் ஊற்றியது சாறா தண்ணீரா? நாலாவதில்? ஒவ்வொரு தடவை உறிஞ்சவும் குழாயின் முனையில் ஒரு புது டிப் மாட்டுவது வழக்கம், எல்லாரும் ஞாபகம் தப்பினால் டிப் பெட்டியில் காலி ஓட்டையை எண்ணித்தான் தைரியம் சொல்லிக்கொள்வார்கள். ரெஜினாள் இன்றைக்கு மூன்று தடவை எண்ணிவிட்டாள். ஆறு ஓட்டை காலி. சரி, ஆறு தடவை ஊற்றியிருக்கிறாள். என்னத்தை ஊற்றினாள் என்று ஓட்டை வாய் திறந்து சொல்லுமா? சாறு இருந்த புட்டியைத் தூக்கிப் பார்த்தாள், குறைந்திருக்கிறது, மூன்று குடுவைக்கு உள்ளது குறைந்திருக்கிறதா நாலுக்கு உள்ளதா, கண் அளவுக்கு எட்டவில்லை. மூன்றாவதில் ஊற்றும்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்? பிலோமிக்கு வயிறு வலி எப்போதிலிருந்து என்று நினைத்தாள். சின்னதில் கூட மாதாமாதம் சுருண்டு படுப்பாள், ரெஜினாள் வெந்நீர்ப் பையை வைத்துவிடுவாள், அம்மா வாசலில் நின்றுகொண்டு, "ரெண்டும் சேந்து நாடகம் போடுதுக," என்பாள். அம்மாவுக்கு எல்லாமே நாடகம்தான். ரெஜினாள் கல்லூரியில் முதல் மார்க் வாங்கினதைச் சொன்னபோது, "ஆமா, கிழிச்ச," என்றாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததற்கும் ஆமா கிழிச்ச. பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போனதற்கு மட்டும் அதைச் சொல்லவில்லை, ஒன்றுமே சொல்லாமல் இவள் முகத்தைப் பார்த்தாள், அது அதைவிட மோசம். அம்மா போய் ஆறு வருஷம் ஆயிற்று. இந்த ரூமில் தனியாக இருக்கையில் ரெஜினாள் இன்னும் அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சில சமயம் வாய்விட்டே.

"யாருகிட்டங்க பேசிட்டிருக்கீங்க?" கதவில் டாக்டர் சௌந்தரநாயகியின் தலை. ரெஜினாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருமில்ல டாக்டர். கணக்குப் பாத்துட்டிருந்தேன்." "நாலு மணிக்குத்தானுங்களே எடுக்கறீங்க?" "ஆமா." "ஆபீஸ் கம்ப்யூட்டரு எதுவும் இன்னிக்கு ஓடாதுங்க, என்னமோ மாத்தறாங்களாம். நீங்க கையில எழுதி வச்சுக்கங்க, நாளைக்கு ஏத்திக்கலாம்." சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். குடுவைகளைப் பார்த்தாள். "உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்னு தெரியுதுங்க மேடம். ஆனா ஒண்ணு, இது போச்சுன்னா நீங்களும் ஒரு நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வரலாமில்ல. நான் வந்து அஞ்சு வருசம் ஆச்சு, நீங்க லீவு எழுதிக் குடுத்து நான் பாத்ததே இல்ல. யாராச்சும் ஒரு வாரம் மாத்தி விட மாட்டாங்களா?" "வேற ஆள் கை பட்டா அதுக்கு ஒத்துக்காது," என்றாள் ரெஜினாள் வெடுக்கென்று. சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், அந்தப் பெண் நல்லதைத்தான் சொல்லிற்று. "சரிங்க, சரிங்க," என்று சௌந்தரநாயகி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வேற ஆள் கை பட்டா ஒத்துக்காது. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது? செல்லுக்கு யார் கை என்று தெரியுமா, கையுறைதானே போட்டுக்கொள்கிறோம் எல்லாரும். ஏன் வரவில்லை என்று ஊரில் யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்ட விஷயம் அது.

நாலு. அப்பாடா. கை வேலை வந்துவிட்டால் மனசு கொஞ்சம் வாலைச் சுருட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குடுவையாக எடுத்து, புனலில் தாளைப் போட்டு வடிகட்டி, தண்ணீர் இறங்கியதும் தாளோடு ஒட்டியிருக்கிற செல்லை வழித்து, ஐஸில் புதைத்த சின்ன உரலில் போட்டு அரைக்க வேண்டும். நிறம் தேயிலைச் சக்கை மாதிரி. ஒரு காலத்தில் அரிசிக் கஞ்சி மாதிரி வெளேரென்று இருந்ததுதான், வருஷம் போகப் போக மங்கிவிட்டது, வயசு. அரைக்கும்போது ஒரு பச்சை வாடை வரும், ஊறவைத்த கடலையைத் தோல் உரிக்கிற வாடை, அது வரும்போதெல்லாம் பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சியும் சுண்டலும் ஞாபகம் வரும், இன்றைக்கு வேறொன்று வந்தது. அம்மாவின் முப்பதாம் நாள். பூசை முடிந்து வீட்டில் பந்தி. பிலோமிதான் ஓடி ஓடிப் பரிமாறினாள், ஆளே பாதியாக இருந்தாள், அம்மாவைக் கடைசி இரண்டு வருஷம் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு சித்தப்பா, "மூத்தவ என்னம்மா வேலை பாக்கா?" என்று கேட்டார். பிலோமி ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரித்துக்கொண்டு சொன்னாள், "அக்காவுக்கென்ன சித்தப்பா, செடிக்குத் தண்ணி ஊத்துற வேலை." எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பில் ரெஜினாள் கேட்டது தங்கச்சி குரலை இல்லை, அம்மாவின் "ஆமா, கிழிச்ச"வைத்தான் கேட்டாள். இலையை மூடிவிட்டு எழுந்தாள். அன்றைக்கே பஸ். அதற்கப்புறம் ஆறு வருஷம், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பிலோமி போன் பண்ணுவாள், இவள் சரி, ம், வைக்கட்டுமா என்பாள். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி மக்ரூன் அனுப்பியிருந்தாள், முந்திரி போட்டது, ரெஜினாளுக்கு உயிர். பெட்டியைப் பார்த்ததும் என்ன தோன்றியது? எதுக்கு அனுப்புதா? என்ன கேக்கப் போறா? வீட்டுப் பத்திரமா, கையெழுத்தா? ஒன்றைக்கூட வாயில் போடாமல் ஆபீஸில் வைத்துவிட்டாள், ஒரு மணி நேரத்தில் காலி. பிலோமி ஒன்றும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும். உரலில் குழவி நின்றுபோயிருந்தது. ஐஸ் பட்டு விரல் மரத்துவிட்டது. அரைடி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அரைத்தாள்.

அரைத்ததைச் சுழற்றி, தெளிவை எடுத்து, அந்த நொதி தின்கிற பொருளைச் சேர்த்து, சூட்டில் வைத்து, ஒளி பாய்ச்சிப் பார்க்கிற மெஷினில் ஒவ்வொன்றாகச் செருகினாள். ஐந்தே கால். இரண்டு வருஷமாக இந்த எண்களை அவள் பார்த்ததே இல்லை. பழைய மெஷின் போய்ப் புது மெஷின் வந்ததிலிருந்து எண் நேரே கம்ப்யூட்டருக்குப் போய்விடும், கம்ப்யூட்டர் சாறு ஊற்றியதைத் தண்ணீர் ஊற்றியதால் வகுத்து மடங்கை மட்டும் திரையில் காட்டும். இங்கே எல்லாருக்கும் அதுதான் பழக்கம். எத்தனை மடங்கு என்று கேட்பார்களே ஒழிய எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் கிடையாதே, பேனாவை எடுத்து எழுதினாள். ஒன்று: முப்பத்தெட்டு. இரண்டு: நாற்பத்தொன்று. மூன்று: முப்பத்தொன்பது. ஏறியிருக்கிறது! நாற்பது என்பது கேசவன் சார் காலத்து எண். அட என் தங்கங்களா, யாரைப் பார்த்து வயசாகிவிட்டது என்றார்கள்? நாலாவதைச் செருகினாள். நாற்பது. ஐந்து: முப்பத்தேழு. ஆறு: நாற்பத்திரண்டு. பேனா நின்றது. தண்ணீர் ஊற்றியது இரண்டு, மூன்று காட்ட வேண்டும். ஐயையோ, எல்லாவற்றிலுமே சாற்றை ஊற்றித் தொலைத்துவிட்டேனா? போனைப் படித்த கேட்டுக்கு, ஆறு குடுவையிலும்? இல்லை, சாறு அவ்வளவு குறையவில்லை, ஆறு குடுவைக்கு ஊற்றியிருந்தால் புட்டி காலியாகியிருக்கும், அது கண்ணுக்கே தெரியும். அப்படியானால்? ரெஜினாள் எழுந்து போய் ஏழாவது குடுவையை எடுத்தாள். யாரும் தொடாத குடுவை. சாறும் படவில்லை, தண்ணீரும் படவில்லை, காலையிலிருந்து மற்றதோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. வடிகட்டி, அரைத்து, சுழற்றி, சூட்டில் வைத்து, அந்த நேரம் முழுக்க ஒன்றும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது செருகினாள். நாற்பது.

உட்கார்ந்துவிட்டாள். செவிடாகவில்லை இதுகள். பதில் சொல்லாமல் போகவில்லை. நாற்பதை நாற்பதால் வகுத்தாலும் ஒன்று, இரண்டை இரண்டால் வகுத்தாலும் ஒன்று; அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாருமாகச் சேர்ந்து தூங்கிவிட்டது என்று தீர்ப்பு எழுதியாயிற்று. தூங்கவே இல்லை, பாவிகள், தூங்கவே தெரியவில்லை. யாரும் அடிக்காமலே, யாரும் தொடாமலே, எந்த நேரமும் விஷம் காய்ச்சிக்கொண்டு, சுவரைக் கெட்டிப்படுத்திக்கொண்டு, அந்தப் பழுப்பு நிறம் வயசு இல்லை, அதுதான் இது, காய்ச்சிக் காய்ச்சி ஏறின நிறம். எப்போது ஆரம்பித்தது? இரண்டு வருஷமா, ஆறு வருஷமா? வாராவாரம் தன் கையால்தான் மாற்றினாள், ஒரு நாள்கூட ஏன் இந்த நிறம் என்று கேட்கவில்லை. தண்ணீரை ஊற்றினாலும் எதிரி. மக்ரூன் அனுப்பினாலும் எதிரி. ரெஜினாள் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பதாம் நாள் பந்தியில் பிலோமி சொன்னதை ஆறு வருஷமாக வார்த்தை பிசகாமல் வைத்திருக்கிறாளே, எழுந்து நின்று தான் என்ன சொன்னாள்? அதை மட்டும் எங்கேயோ போட்டுவிட்டாள். இப்போது வந்தது, குரலோடு வந்தது. பிலோமியின் பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் நிற்க, "அம்மா சாகல, ஒன் வாயில உக்காந்திருக்கா. ரெண்டு வருசம் பாத்தேன் பாத்தேன்னு பீத்தாத, வீடு ஒனக்கு வரும்னுதான பாத்த," என்று சொன்னாள். பிலோமி ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். எவ்வளவு கேவலம். ரசம் ஊற்றினவளிடம் போய் அதைச் சொன்னோமே என்று ரெஜினாளுக்கு இப்போதுதான், ஆறு வருஷம் கழித்து, அழுகை வந்தது. கர்ர் கர்ர் என்று மேடை காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய் நிறுத்தினாள்.

டாக்டர் சௌந்தரநாயகி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம். நோட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாள் ரெஜினாள். மடங்கை மட்டும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, ஏழு எண்ணையும் காட்டினாள், புட்டி அளவைச் சொன்னாள், ஏழாவது குடுவையைச் சொன்னாள். சௌந்தரநாயகி பையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தாள். "அடேங்கப்பா. இத்தன நாளா நாம பாக்கவே இல்லீங்களே," என்றாள். "நானும்தான் அந்த மடங்கையே பாத்துட்டு இருந்திருக்கேன்." பிறகு கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் ரெஜினாளுக்கு உள்ளே ஒரு ஆசை தலை தூக்கியது, வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தூக்கியது: வச்சுக்கலாம் மேடம், இது புதுசு, இதைப் பத்தி எழுதலாம், வியாழக்கிழமை மாத்தணும், விட்டுராதீங்க. அப்படி ஒரு வார்த்தை வந்தால் போதும், பிலோமிக்கு முடியாது என்று போட்டுவிடலாம். "எழுதி வைக்கலாங்க, கட்டாயம் எழுதி வைக்கணும்," என்றாள் சௌந்தரநாயகி. "ஆனா எந்நேரமும் கத்திட்டே இருக்கறத வச்சு நமக்கு என்னங்க பிரயோசனம்? எது வந்தப்ப கத்துச்சு, எது வராதப்ப கத்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நாளைக்கு அவிச்சு ஊத்திருங்க மேடம். புது விதையில இருந்து ஆரம்பிச்சுக்கலாம்." ரெஜினாள் சரி என்றாள். ஒரு சொல்லும் எதிர்த்துச் சொல்லாமல் சரி என்றது அவளுக்கே அதிசயமாக இருந்தது. "லீவு வேணும் டாக்டர். புதன்கிழமையிலிருந்து," என்றாள். சௌந்தரநாயகி அவள் கண்ணைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

எல்லாரும் போன பிறகு ரூமில் நின்றுகொண்டு போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே பிலோமி எடுத்துவிட்டாள்.

"சொல்லு."

"வியாழக்கிழமை எத்தன மணிக்கு?"

"எது? ஆபரேசனா? எட்டுக்கெல்லாம் உள்ள கூட்டிட்டுப் போயிருவாவளாம். அதெல்லாம் நீ யோசிக்காதக்கா. மாடிவீட்டு செலின் அக்கா நிக்கேன்னுட்டாவ. ஒன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணுமேன்னுதான் போட்டேன். நீ வருவேன்னு நெனச்செல்லாம் போடல." கோபமே இல்லை குரலில். கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"நான் வாறேன்."

பிலோமி கேட்டாள், "எதுக்கு?"

"ஒன்னப் பாக்கத்தான்."

"என்னாச்சுக்கா? வேலையில ஏதும் பிரச்சினையா? ஒனக்கு ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"ஒண்ணுமில்ல பிலோமி. சும்மாதான் வாறேன்."

"சும்மாவா?" அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும், சொன்னாள். "அக்கா, வா. வராதன்னு நான் சொல்லல. ஆனா வந்து எதையும் கிண்டாத, கேட்டியா. எனக்கு இப்பம் தெம்பு இல்ல. ஒன் பேரு போன்ல தெரிஞ்சாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். இப்பமும் அடிக்கி. என்ன சொல்லப் போறாளோன்னு ரெண்டு நாளு முன்னாடியே யோசிச்சு வச்சுட்டுதான் கிறிஸ்மஸ்க்குக் கூட ஒனக்குப் போடுவேன்."

ரெஜினாள் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அடி வாங்கினவள் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்திருந்தாள். தூத்துக்குடியில் ஒருத்தி இவள் பேரைத் திரையில் பார்த்துப் பார்த்துக் கையைக் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. மன்னிச்சுக்கோ என்று சொல்லலாம். போனில் சொன்னால் அதுவும் பழசைக் கிண்டுகிறதுதான், அதற்கும் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், தெம்பு இல்லை என்கிறாள்.

"செலின் அக்காவே ஒன்கூட உள்ள நிக்கட்டும்," என்றாள். "நான் வெளிய பெஞ்சில இருந்துக்கிடுதேன். நீ கூப்பிட்டா வாறேன். கூப்பிடாட்டியும் இருப்பேன்."

பிலோமி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பெஞ்சுக்கு மேல ஃபேன் கெடையாது, கேட்டியா," என்றாள்.